தளி பக்கம் மார்கழி, தையில் புல் நின்றுவிடுகிறது: நேப்பியரோடு வேறு என்ன போடலாம்?

தளி மேட்டுக்காடு

வணக்கம். எங்கள் நிலம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளிக்கும் ஜவளகிரிக்கும் இடையில், காட்டை ஒட்டி இருக்கிறது. செம்மண், ஒரு போர், நாலு கறவை, இரண்டு கிடேரி. 30 சென்ட்டில் கோ-4 ரகக் கம்பு நேப்பியர் தீவனப் புல், மீதியில் ராகியும் கொஞ்சம் கோஸும். வைகாசி மழையிலிருந்து ஐப்பசி வரைக்கும் புல் வெட்ட ஆள்தான் போதவில்லை, அவ்வளவு வருகிறது, மிஞ்சியது முற்றிக் கட்டையாகிவிடுகிறது. கார்த்திகையில் பனி இறங்க ஆரம்பித்ததும் எல்லாம் நின்றுபோகிறது. வெட்டிவிட்ட தூரில் குருத்து வந்து ஒரு சாண் ஏறி அப்படியே நிற்கும். தண்ணீர் விட்டாலும் யூரியா போட்டாலும் அதே நிலைமைதான், மாசி வரைக்கும் இப்படியே போகும், அதற்குள் போரில் தண்ணீர் குறைந்து கோடை வந்துவிடும்.

அந்த மூன்று நான்கு மாதமும் காவேரிப்பட்டணம் பக்கமிருந்து வைக்கோல் வாங்கிப் போடுகிறோம். பாலும் குறைகிறது, சொசைட்டியில் எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக பாலில் இருக்கும் திடச்சத்து) குறைகிறது என்று விலையும் இறங்குகிறது. இந்த உயரத்துக்கு, இந்தக் குளிருக்கு ஏற்ற பசுந்தீவனம் எது? யாராவது போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, புல் காட்டுப் பக்கம் இருப்பதால் அறுவடைக் காலத்தில் யானை வேறு வந்துபோகிறது.

கிருஷ்ணகிரி பால்பண்ணை

அண்ணா, கோ-4 பழைய ரகம். சூப்பர் நேப்பியர் போடுங்கள், அகலமான இலை, தூருக்குத் தூர் நல்ல எடை. எனக்குக் குளிர்காலத்திலும் வெட்டுகிறது. கூடவே தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவுக்கு ஒரு குழியும், கொட்டகைக்குள் தட்டு வைத்து மண்ணில்லாத் தீவனமும் போட்டால் அந்த மூன்று மாதம் தாண்டிவிடலாம். ஒரு கிலோ மக்காச்சோளத்துக்கு எட்டாம் நாளில் ஐந்தாறு கிலோ பசுந்தீவனம் வருகிறது, நிலமே வேண்டாம்.

ராயக்கோட்டை உழவன்

தம்பி சொல்வது கிருஷ்ணகிரிக்குச் சரி. ஆனால் கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் வாக்கில்தான் இருக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் 900 மீட்டர் பக்கம், சில இடம் அதற்கும் மேலே. ஒரே மாவட்டம்தான், ஆனால் மார்கழி இரவு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்காது. நேப்பியர் வெயில் விரும்பும் புல். 25 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதற்கு வேகம், 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றேவிடும். கோ-4 ஆனாலும் கோ-5 ஆனாலும் சூப்பர் என்று பெயர் வைத்துக் கரணை (நடும் தண்டுத் துண்டு) விற்றாலும் பிறப்பு அதேதான். ரகத்தை மாற்றி இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது.

இதில் எல்லோரும் கணக்குப் போடும் விதமே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கறவைக்கு நாளுக்கு 25 கிலோ பசுந்தீவனம் என்றால் நாலு மாட்டுக்கு 100 கிலோ, வருடத்துக்கு 36 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. கோ-4 எக்டருக்கு வருடம் 375 முதல் 400 டன் வரை தரும் என்பது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு, அதாவது ஏக்கருக்கு 150 டன் வாக்கில். அப்படியானால் 25 சென்ட் போதும். தாளில் பார்த்தால் உங்களுக்குப் புல் மிஞ்ச வேண்டும். மிஞ்சத்தான் செய்கிறது, ஆனால் ஆவணியில் மிஞ்சுகிறது, தையில் இல்லை. மாடு வருடக் கணக்கில் தின்பதில்லை, தினம் தின்கிறது. அதனால் எந்தப் பயிர் அதிக டன் தரும் என்று தேடாதீர்கள். எந்த மாதம் தொட்டியில் ஒன்றும் இல்லையோ அந்த மாதத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு மட்டும் பயிர் தேடுங்கள்.

தளி மேட்டுக்காடு

அண்ணே, நீங்கள் சொல்வது அப்படியே எங்கள் நிலைமை. காலியான மாதம் என்றால் மார்கழி, தை, மாசி, அப்புறம் பங்குனி பாதி. அதற்கு என்ன பயிர்?

ராயக்கோட்டை உழவன்

இரண்டு வழி. ஒன்று, குளிரிலேயே வளரும் பயிர். இரண்டு, மிஞ்சும் காலத்துப் புல்லைச் சேமிப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் சரியாக வரும்.

குளிரில் வளர்வது என்றால் குதிரைமசால், லூசர்ன் என்று சொல்லும் பயறு வகைத் தீவனம். மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைக்கும் மாட்டுக்குமாக வைத்தது, இன்றைக்கும் அங்கே தீவனப் பயிர் போடுகிறார்கள், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் ஓசூர் மேட்டுக்கு அது நல்ல பயிர். புரட்டாசி, ஐப்பசியில் ஏக்கருக்கு 8 கிலோ கணக்கில் ஒரு சாண் வரிசை விட்டு விதைத்தால் இரண்டரை மாதத்தில் முதல் வெட்டு, அப்புறம் 25 அல்லது 30 நாளுக்கு ஒரு வெட்டு. பார்க்கக் குறைவாகத்தான் தெரியும், ஆனால் அதில் புரதம் 20 சதவீதம் வாக்கில் இருக்கிறது, நேப்பியரில் 8 முதல் 10தான். எடையை மட்டும் பார்த்து அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று தீவன ஓட்ஸ். வடக்கே இதுதான் குளிர்காலப் புல், கென்ட் என்ற ரகம் அங்கே பரவலாக இருக்கிறது. நம் ஊரில் ராகி அறுத்த கையோடு அந்த ஈரத்திலேயே விதைத்து நாலைந்து தண்ணீர் கொடுத்தால் பூக்கும் தருணத்தில் வெட்டலாம். ஏக்கருக்கு 40 கிலோ விதை வேண்டும், அதுதான் செலவு. கிருஷ்ணகிரி நகரத்துக்குக் கீழே, ஊத்தங்கரை பக்கமெல்லாம் இதைப் போடச் சொல்ல மாட்டேன், சூடு தாங்காது.

மாட்டு டாக்டர் (ஓய்வு)

நல்ல பேச்சு நடக்கிறது, அதனால் சில எச்சரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

குதிரைமசாலை அதிகாலைப் பனி ஈரத்தோடு வெறும் வயிற்று மாட்டுக்குப் போடக்கூடாது. வயிறு உப்பி, இடது பக்கம் மேளமாய் எழும்பி, கவனிக்காவிட்டால் ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் மாடு விழுந்துவிடும். வெட்டி அரை நாள் வாட விட்டு, முதலில் ராகித்தாளைக் கொஞ்சம் தின்ன வைத்து, அதன்பின் கலந்து போடுங்கள். விதை வாங்கும்போது அம்மையார் கூந்தல் என்ற மஞ்சள் நூல் கொடியின் விதை கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். அது நிலத்தில் ஏறிவிட்டால் குதிரைமசாலை அழித்துத்தான் அதையும் அழிக்க முடியும்.

ஓட்ஸுக்கு யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். குளிரும் மேகமூட்டமும் இருக்கும் நாளில் செடி உறிஞ்சிய நைட்ரேட் தண்டிலேயே தேங்கும், அது மாட்டுக்கு விஷம்.

தம்பி சொன்ன மண்ணில்லாத் தீவனம் பற்றி. ஒரு கிலோ மக்காச்சோளம் ஆறு கிலோ ஆகிறது என்பது உண்மை, ஆனால் கூடியது தண்ணீர். உலர வைத்து நிறுத்தால் 800 கிராம் வாக்கில்தான் வரும், முளைக்கும்போது விதையே தன் மாவைச் செலவழித்துவிடுகிறது. மாடு பசுமையை விரும்பித் தின்னும், உயிர்ச்சத்து கிடைக்கும், அது வரைக்கும் சரி. தீவனப் பஞ்சத்தைத் தீர்க்கும் என்று நம்பி அதில் பணம் போட வேண்டாம். அசோலாவும் அப்படித்தான். உலர் நிலையில் புரதம் 20 முதல் 25 சதவீதம் என்பது சரி, ஆனால் பச்சையில் 100 கிராமுக்கு ஆறேழு கிராம்தான் உலர் பொருள். 2 கிலோ அசோலா போட்டால் மாட்டுக்குப் போவது 120 முதல் 140 கிராம். அதை வைத்துக்கொண்டு ஒரு கிலோ அடர்தீவனத்தை நிறுத்தினால் மாடு மெலியும். தளிக் குளிரில் அசோலாவும் மந்தமாகத்தான் பெருகும்.

கிருஷ்ணகிரி பால்பண்ணை

டாக்டர் ஐயா, இந்தக் கணக்கை யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. தட்டு விற்றவர்கள் கிலோ கணக்குத்தான் சொன்னார்கள். கோழிக்கு அசோலா போடுவதில் நல்ல பலன் பார்த்திருக்கிறேன், அதை மட்டும் விட மாட்டேன்.

சூளகிரி பட்டு

எல்லோரும் புல்லைப் பேசுகிறீர்கள், நம் இரண்டு மாவட்டத்திலும் கண் முன்னால் இருக்கும் தீவனத்தை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். மல்பெரி! ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு என்று பட்டுப்புழு வளர்க்காத பக்கம் குறைவு, தருமபுரியில் பட்டுக்கூடு விற்கும் சந்தையே இருக்கிறது. மல்பெரி இலையில் புரதம் 15 முதல் 25 சதவீதம் வரை, மாடும் ஆடும் முகம் சுளிக்காமல் தின்னும், வயிறு உப்பாது. குளிரில் இதுவும் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் தண்ணீர் இருந்தால் நேப்பியர் மாதிரி நின்றுவிடாது. நாங்கள் தோட்டத்து இலையைப் புழுவுக்கும், வரப்பில் மரமாக விட்டதை மாட்டுக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறோம். வி-1 ரக மல்பெரிக் குச்சியை வரப்பில் நட்டு, இடுப்பளவில் தலையை வெட்டி வெட்டி விட்டால் கொம்பு கொம்பாக வரும். ஒருமுறை வேர் பிடித்தால் பல வருடத்துக்கு நிற்கும், கோடையிலும் கடைசியாகக் காய்வது அதுதான்.

புழு தின்று மிஞ்சிய குச்சியையும் மாட்டுக்குப் போடுகிறோம், ஆனால் இதில் கவனம் வேண்டும். தோலுரிக்கும் நேரத்தில் படுக்கை மேல் சுண்ணாம்புத் தூளும் கிருமிநாசினித் தூளும் தூவுகிறோம். தூள் பட்ட மிச்சத்தை மாட்டுக்குக் காட்டவே கூடாது, அது குப்பைக் குழிக்குத்தான் போக வேண்டும். பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் மருந்தடித்தால் அந்த ஓரத்து இலையும் அப்படித்தான். புழு உடனே செத்துக் காட்டிவிடும், மாடு காட்டாது, பாலில் இறங்கும்.

பாலக்கோடு கறவை

நான் ஒன்று கேட்கிறேன், இவ்வளவு பயிரும் சொல்கிறீர்கள், வெட்டுவது யார்? எங்கள் ஊரில் புல் அறுத்துக் கட்டி, தலையில் வைத்துக் கொண்டுவந்து போடுவது வீட்டுப் பெண்கள்தான். விவசாயம் பேசும்போது டன் கணக்கு வருகிறது, முதுகு வலியின் கணக்கு வருவதே இல்லை. வேலிமசால் என்ற பயறு வகைச் செடி நல்ல தீவனம் என்று போட்டோம், மாடு ஆசையாகத் தின்கிறது, பாலும் கெட்டியாக இருக்கிறது, ஆனால் நேப்பியரில் பத்து வீச்சில் ஒரு கட்டு சேர்ந்துவிடும், இதில் மெல்லிய கொம்பாக வெட்டி வெட்டிச் சேர்க்க அரை மணி நேரம் ஆகிறது. அதனால் எது போட்டாலும் கொட்டகைக்குப் பக்கத்தில் போடுங்கள். மரத்தீவனம் என்றால் கை எட்டும் உயரத்தில் வெட்டி வையுங்கள், ஏறி வெட்டுவது ஆகாது. புல் நறுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தால் தண்டு வீணாவதும் பாதியாகக் குறையும்.

வேலிமசால் விதை அப்படியே போட்டால் முளைக்காது, இதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு விதையை அதில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து விதைக்க வேண்டும். முதல் வெட்டு மூன்று மாதத்தில், அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை, முழங்கால் உயரம் விட்டு வெட்டணும். தரையோடு அறுத்தால் தூர் செத்துப்போகும்.

ராயக்கோட்டை உழவன்

பாலக்கோடு அக்கா சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். வெட்ட ஆள் இல்லாத பயிர் தீவனம் ஆகாது.

ஓசூர்–நக்குரு

என் சொந்த ஊர் ஓசூர், வேலை கென்யாவில், நக்குரு பக்கம். அங்கே சிறு விவசாயிகளின் நிலம் பெரும்பாலும் 1300 மீட்டருக்கு மேல், வீட்டுக்கு இரண்டு மூன்று கறவை, எல்லாம் கட்டி வைத்து வளர்ப்பது, தீவனம் நேப்பியர். அதாவது நம் தளிக்காரரின் அதே நிலைமை. அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, எல்லோரும் நேப்பியரை மட்டுமே நம்பியதில் குட்டை நோய் ஒன்று பரவியது. மேற்குக் கென்யாவிலும் உகாண்டாவிலும் வெட்டிவிட்ட தூர் மஞ்சளாகிக் குட்டையாகி, தோட்டம் தோட்டமாகப் போனது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, மருந்து கிடையாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான். கரணை வழியாகவும் பரவும். நம் ஊரில் ஒருவர் தோட்டத்துக் கரணை பத்து ஊருக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைப்புத்தான் வருகிறது.

இரண்டாவது, மரத்தீவனம். மத்திய கென்யாவில் எம்பு பக்கம் காலியாண்ட்ரா என்ற செடியை வரப்பிலும் வேலியிலும் நட்டார்கள். பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும், சூபாபுலுக்குத் தூரத்துச் சொந்தம். 3 கிலோ பச்சை இலை ஒரு கிலோ கடைத் தீவனத்துக்குச் சமமாகப் பால் தரும், ஒரு மாட்டுக்கு வருடம் முழுக்க வேண்டுமென்றால் 500 செடி வேண்டும் என்பது அங்கே ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் கணக்கு. அதை வாட வைக்காமல் பச்சையாகப் போட வேண்டும், காய்ந்தால் துவர்ப்பு ஏறிச் செரிமானம் குறைந்துவிடும். அதே மேட்டில் டெஸ்மோடியம் என்ற கொடியை மக்காச்சோளத்துக்கு இடையில் போட்டு, சுற்றிலும் நேப்பியர் நட்டுத் தண்டுப்புழுவையும் சமாளிக்கிறார்கள், கொடியை அறுத்து மாட்டுக்கும் போடுகிறார்கள். எத்தியோப்பியாவில் 2000 மீட்டருக்கு மேலே மரக் குதிரைமசால் என்று ஒன்று நிற்கிறது, கானரித் தீவிலிருந்து வந்தது. நம் ஓசூரின் சித்திரை வெயில் அதற்கு ஆகாது, யாராவது விதை விற்றால் வாங்காதீர்கள்.

தளி மேட்டுக்காடு

காலியாண்ட்ரா விதை நம் பக்கம் கிடைக்குமா என்று தெரியவில்லையே அண்ணா. கையில் இருக்கும் மரங்களில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல், இதில் எது இந்த உயரத்துக்கு ஆகும்?

மாட்டு டாக்டர் (ஓய்வு)

அகத்தியைத் தளியில் நம்ப வேண்டாம். அது சமவெளி மரம், குளிரில் சுணங்கும், அடிக்கடி மொட்டையடித்தால் பட்டுப்போகும். தருமபுரி, அரூர் பக்கம் போடலாம்.

கிளைரிசிடியா கொம்பை நட்டாலே வேலியாகிவிடும், அதனால் காட்டு ஓரத்துக்கும் சாலை ஓரத்துக்கும் அதுதான் சரி. முதலில் வாசனை பிடிக்காமல் மாடு ஒதுக்கும். ஒரு நாள் வாட விட்டு, தவிடு தூவிப் பழக்கினால் பின்பு தின்னும். ஆனால் உங்கள் கவலையே தை, மாசி. அந்த மாதத்தில் வெட்டாமல் விட்ட கிளைரிசிடியா இலையை உதிர்த்துவிட்டுப் பூக்க நிற்கும். ஆவணி, புரட்டாசியில் ஒருமுறை தலையை வெட்டி விட்டால் புதுக் கொம்பு இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குதிரை, முயல், கோழிக்கு அதைப் போடாதீர்கள், விஷம்.

சூபாபுல் தின்ற மாடு நன்றாகத்தான் கறக்கும், ஆனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதில் இருக்கும் மைமோசின் முடியை உதிர்க்கும், தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் மாடுகள் அவதிப்பட்டபோது, ஹவாய் தீவில் ஆடுகள் மட்டும் ஒன்றும் ஆகாமல் தின்பதைப் பார்த்து, அந்த ஆட்டின் வயிற்றில் இருந்த ஒரு பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்குக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. சூபாபுலும் குளிரில் மந்தம்தான்.

உங்கள் உயரத்துக்கு இந்த மூன்றையும்விட முதலிடம் சூளகிரித் தம்பி சொன்ன மல்பெரிக்குத்தான்.

பென்னாகரம் பட்டி

நான் மேச்சேரி ஆடு வைத்திருப்பவன், எங்கள் பக்கம் குளிர் பிரச்சினை இல்லை, வறட்சிதான் பிரச்சினை. எங்களுக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும்தான் உதவுகின்றன. மானாவாரி நிலத்தில் ஒருமுறை விதைத்துவிட்டு, முதல் வருடம் மேயவிடாமல் காத்தால் அப்புறம் தானாக விதை உதிர்ந்து வரும். வெள்வேல் காய் பொறுக்கி வைத்துக் கோடையில் போடுவது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். முள் இல்லாத சப்பாத்திக்கள்ளியைப் பற்றி இங்கே யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

ராயக்கோட்டை உழவன்

சப்பாத்திக்கள்ளி உங்களுக்கு ஆகும் ஐயா, தளிக்கு அவசியமில்லை. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், புரதம் மிகக் குறைவு. கோடையில் ஆடு தண்ணீருக்கு அலையும் இடத்தில் அது பெரிய உதவி, ஆனால் காய்ந்த தாளோடு சேர்த்துத்தான் போட வேண்டும், தனியாகப் போட்டால் கழியும். தண்ணீர் தேங்காத மேட்டில் நடுங்கள்.

அரூர் மேற்கு

நாங்கள் மரவள்ளிக்காரர்கள். கிழங்கு பிடுங்கும்போது வீணாகும் இலையை வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து மூட்டையில் கட்டி வைத்தால் ஆட்டுக்கு நல்ல புரதத் தீவனம். பச்சையாக நிறையப் போட்டால் விஷம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் வருடா வருடம் எங்கேயாவது ஆடு செத்த செய்தி வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

மாட்டு டாக்டர் (ஓய்வு)

அதே விஷம்தான் சோளத்திலும். கோ எஃப்எஸ்-29 பலமுறை வெட்டும் சோளம் நல்ல தீவனம்தான், சந்தேகமில்லை. ஆனால் மழையில்லாமல் வாடி நின்ற இளஞ்சோளத்தையும், அதன் மேல் ஒரு மழை பெய்து திடீரென்று வரும் மறுதாம்புக் குருத்தையும் மாடு மேய்ந்தால் சில நிமிடத்தில் மூச்சுத் திணறி விழும். பூத்த பிறகு வெட்டுங்கள். மாடு விழுந்தால் நேரம் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், ஊசி மருந்து இருக்கிறது, சீக்கிரம் போட்டால் பிழைக்கும்.

தளி மேட்டுக்காடு

சரி, இவ்வளவு நாள் இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். இரண்டாவது வழி, மிஞ்சும் புல்லைச் சேமிப்பது என்று சொன்னீர்களே, சைலேஜ், அதாவது பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைப்பது, பெரிய பண்ணைக்காரர்கள் குழி வெட்டிச் செய்வது என்றுதான் நினைத்திருந்தோம். நாலு மாட்டுக்கு அது கட்டுபடி ஆகுமா?

ராயக்கோட்டை உழவன்

ஆகும். பெரிய குழி வேண்டாம், மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் அல்லது தடித்த பை போதும். ஒரு பை திறந்தால் நாலைந்து நாளில் தீரும் அளவுக்கு இருக்க வேண்டும், அதனால் உங்களுக்குச் சிறியதுதான் வசதி. நேப்பியரை அப்படியே அடைத்தால் கெட்டுப்போகும், தண்ணீர் அதிகம், சர்க்கரை குறைவு. வெட்டி அரை நாள் வாட விடுங்கள். கையில் பிடித்து இறுக்கினால் சாறு வழியக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து, அடுக்கடுக்காக மிதித்து, காற்று இல்லாமல் கட்டி வைத்தால் 45 நாளில் தயார். நல்ல சைலேஜில் புளித்த பழ வாசனை வரும், நிறம் பொன் பச்சையாக இருக்கும். கருத்து, வாடை அடித்தால் மாட்டுக்குப் போடாதீர்கள். ஆவணி, புரட்டாசியில் அடைத்தால் சரியாக மார்கழிக்குத் திறக்கலாம். மக்காச்சோளத்தைப் பால் பிடித்துக் கெட்டியாகும் பருவத்தில் வெட்டி அடைத்தால் வெல்லமே வேண்டாம்.

அப்புறம், நம் சொந்தச் சொத்தை மறந்துவிட்டோம். ராகித்தாள்! தமிழ்நாட்டில் ராகி என்றாலே கிருஷ்ணகிரியும் தருமபுரியும்தான். நெல் வைக்கோலைவிட ராகித்தாளில் சுண்ணாம்புச் சத்தும் செரிமானமும் மேல். அதை மழையில் நனைய விட்டுவிட்டு, காவேரிப்பட்டணத்திலிருந்து வைக்கோல் வாங்கி வருகிறோம். ஈரமில்லாமல் போர் போட்டு மேலே கூரை போடுங்கள். நம் பெரியவர்கள் ராகிச் சாலுக்கு நடுவே அவரையும் கொள்ளும் கலந்து விதைத்தார்கள், தளி பக்கம் கன்னடம் பேசுபவர்கள் அதை அக்கடி சாலு என்பார்கள். ராகி அறுத்த பிறகு, மார்கழிப் பனியையே குடித்துக்கொண்டு அவரைக் கொடி பச்சையாக நிற்கும். உங்கள் காலி மாதத்துக்கு உங்கள் நிலத்திலேயே பதில் இருந்தது. கூலி மிச்சம், களைக்கொல்லி வசதி என்று ராகியைத் தனியாக விதைக்க ஆரம்பித்ததும் அது போய்விட்டது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

மாட்டு டாக்டர் (ஓய்வு)

தாளை இன்னும் மேம்படுத்தலாம். 100 கிலோ தாளுக்கு 4 கிலோ யூரியாவை 50 அல்லது 60 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்து, திறந்ததும் அரை நாள் ஆற விட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். யூரியாவை நேரடியாகத் தீவனத்தில் கலந்து போட்டால் மாடு செத்துப்போகும், அதை யாரும் முயல வேண்டாம். நேப்பியரை மட்டும் பல மாதம் போடுபவர்கள் தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள், அதில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பாலக்கோடு கறவை

அவரைக் கொடி எங்கள் மாமியார் வீட்டில் இப்போதும் உண்டு. காய் வீட்டுக்கு, கொடி மாட்டுக்கு. தை மாதத்தில் அந்தப் பால் காய்ச்சினால் ஆடை தடிமனாக இருக்கும்.

தளி மேட்டுக்காடு

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். காட்டோரம் இருக்கும் பாதி நேப்பியரைப் பிடுங்கிவிட்டு அங்கே கிளைரிசிடியா வேலி. மீதி நேப்பியர் கொட்டகை பக்கம், ஆவணியில் மிஞ்சுவது டிரம்மில். ஆடி விதைப்பில் ராகியோடு அவரை. கொட்டகையைச் சுற்றி வரப்பில் மல்பெரி. புரட்டாசியில் 10 சென்ட் குதிரைமசால். ஓட்ஸ் இந்த வருடம் சின்ன இடத்தில் மட்டும், எப்படி வருகிறது என்று பார்க்கலாம். கோஸ் நிலத்தைக் குறைப்பதில் அப்பாவுக்கு இன்னும் சம்மதமில்லை. குதிரைமசால் விதை சுத்தமானதாக எங்கே கேட்கலாம்?

ராயக்கோட்டை உழவன்

கோஸைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஒரு வருடம் அப்பா சொல்வது போலவே விடுங்கள். விதைக்கு முதலில் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். அங்கே இல்லையென்றால் கோயம்புத்தூர் பல்கலைக்கழகத் தீவனப் பயிர்த் துறைக்கு எழுதுங்கள், ஆடியிலேயே சொல்லி வைத்தால்தான் புரட்டாசிக்கு வரும். தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

சூளகிரி பட்டு

மல்பெரிக் குச்சி நான் தருகிறேன், காசு வேண்டாம். வைகாசியில் கவாத்து செய்வோம், அப்போது சாக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். சுண்டுவிரல் கனத்தில், மூன்று நாலு கணு இருக்கும்படி வெட்டித் தருகிறேன், அன்றைக்கே நடணும்.